நியூட்ரல் இல்லாத படகு இன்ஜின்

அந்த இன்ஜினில் நியூட்ரல் கிடையாது என்பது மாணிக்கத்துக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார். பத்து வருடமாக இதைச் சொல்கிறேன். ஒருத்தரும் காது கொடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாணிக்கம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். என் மனைவி வனிதாவின் தாய்மாமன். (இந்தக் கதை நடந்த அன்றைக்கும் அவர் அவளுக்குத் தாய்மாமன்தான். அவள்தான் எனக்கு மனைவி இல்லை.)

நாங்கள் செய்வது கார் கியர்பாக்ஸுக்கான அலுமினிய மூடி. நான் குவாலிட்டியில். மூடியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றடித்து, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்கத் தண்ணீரைப் பார்க்கிற வேலை. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் எனக்கு இன்ஜின் அத்துப்படி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் முதலாளிக்குப் படகுப் பந்தயப் பைத்தியம். வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய பந்தய இன்ஜினை வாங்கி வந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற இன்ஜின். அதன் சரித்திரத்தை கேன்டீனில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நான் தினமும் அகப்பட்டேன். துடுப்புப் போட்டுக் கை வலித்தவர்களுக்காக வந்த இன்ஜினாம் அது. வந்த கையோடு ஆட்கள் அதை வைத்துப் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். வேகத்துக்காக ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்கள். மேல்மூடி போனது. சைலன்சர் போனது. பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் வந்தது. அதோடு கலக்க விளக்கெண்ணெய் வந்தது, மற்ற ஆயில் மெத்தனாலில் சரியாகக் கலக்காது என்பதால். தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டி பருமனாக இருந்தால் படகின் வேகம் குறையும் என்று அதைத் தோட்டா மாதிரி ஒல்லியாக்கினார்கள். ஒல்லியாக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பதில் எதையாவது எடுத்தாக வேண்டும். எதை எடுத்தார்கள் என்று முதலாளி சொன்னபோது நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் முதலாளி. நான் கையைத் தூக்கினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத் தூக்கினேன்.

காரணம் வனிதா. அதற்கு முன் பெண் கேட்ட மூன்று இடத்தில் ‘பையன் கான்ட்ராக்ட்’ என்று சொல்லி என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருடம்தான் பெர்மனன்ட் ஆகியிருந்தேன். மாணிக்கம் தன் அக்கா மகளைப் பற்றிச் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி அசெம்பிளி லைனில் இருக்கிறாள் என்றார். அவளுடைய அப்பா படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வெளியாட்களை மெஷின்கள் இருக்கும் ஷாப் ஃப்ளோருக்குள் விடுவது வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை. அன்று அவர் கண் முன்னால் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால் இதுவும் போய்விடும்.

பூஜைக்கு நான்கு நாள் முன்பு மாணிக்கம் அந்தக் கியர் பெட்டியைத் திறந்து ஆயில் சீல் மாற்றினார். தன் கையாலேயே மாற்றினார். இதை யாரும் மறக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் என் பொறுப்பு. நாட்டு மருந்துக் கடையில் நான்கு லிட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊட்ல எத்தினி பேரு?” என்றார். இன்ஜினுக்கு என்றேன். “அதுக்குமா?” என்றார்.

பூஜை அன்று காலை இன்ஜினை என் தொட்டியின் விளிம்பில் கட்டையைப் போட்டு இறுக்கினோம். அங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. சுற்றிச் சுற்றித் தேடினேன், கியர் லீவர் இல்லை. லீவர் இல்லையென்றால் கியர் விழாது. கியர் விழாவிட்டால் அது எப்போதும் நியூட்ரல். நியூட்ரல் என்றால் தண்ணீருக்குள் இருக்கும் விசிறி சுற்றாது. கார் பார்ட்ஸ் செய்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. மாணிக்கத்திடம் சொன்னேன்.

“லீவரே இல்லண்ணே. அப்ப நியூட்ரல்லதான நிக்கும்?”

அவர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். “நீதான் தம்பி இன்ஜின் ஆளு,” என்றார்.

இவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெண் வீட்டார் வந்தார்கள், வனிதாவும் வந்தாள். வனிதாவின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்தார். புகைக்குழாயைக் காட்டி விளக்கினேன். வெளியே போகிற புகையின் அழுத்தம் குழாய் முனையில் மோதித் திரும்பி, நழுவப் பார்க்கிற எரிபொருளை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் என்றேன். அவர் தலையாட்டினார். நன்றாகப் பார்க்கட்டும் என்று அவரைத் தொட்டிக்கு நேர் பின்னால் நிறுத்தியது நான்தான். (அந்த இடத்துக்கு நானே நாற்காலியும் போட்டேன்.)

எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. விசிறிக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தேன். இன்ஜினில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஓட்டுகிறவர் அதைக் காலில் கட்டிக்கொள்வார். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அது பார்க்க அழகாக இருந்ததால் வாழைக்கன்றில் சுற்றிவிட்டிருந்தேன்.

கற்பூரம் காட்டியதும் மெஷின்களை ஒரு நிமிடம் ஓட விடுவது எங்கள் வழக்கம். இன்ஜினின் தலையில் ஸ்டார்ட் செய்கிற கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

பந்தய இன்ஜினில் எடுத்து எறிந்தது நியூட்ரலை. ஸ்டார்ட் ஆனால் விசிறி சுற்றும். மெதுவாகச் சுற்றவும் அதற்குத் தெரியாது.

துருப் பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த வெள்ளைத் தண்ணீர், சாமந்திப்பூ சகிதம், ஒரே பட்டையாக எழுந்து நாற்காலியை நோக்கிப் போனது. பொரி போனது. கடலை போனது. முதலாளியின் மூக்குக்கண்ணாடி போனது. விளக்கெண்ணெய் வாசனையில் ஷாப் ஃப்ளோர் முழுவதும் பிரசவ வார்டு போல ஆனது. நான் இழுத்த கயிறு கையில் தொங்க நின்றுகொண்டிருந்தேன். தொட்டி பாதி காலியான பிறகு திடீரென்று சத்தம் நின்றது.

வனிதாதான் நிறுத்தியிருந்தாள். சிவப்புக் கயிறு அவள் கையில் இருந்தது, வாழைக்கன்றோடு.

“லைன்ல இன்னா கோளாறுனாலும் செவப்புக் கயித்த இழுன்னு சொல்லிக் குடுத்துகிறாங்க,” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது.

அவளுடைய அப்பா முகத்திலிருந்து ஒரு சாமந்தி இதழை எடுத்தார். வேட்டி இருந்த நிலையை நான் எழுதப் போவதில்லை.

“எங்க ஷேர் ஆட்டோலயே நியூட்ரல் கீது தம்பி,” என்றார்.

மறுநாளே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வனிதா ஒரு வாரம் வீட்டில் வாதாடியிருக்கிறாள். எல்லாரும் ஓடினபோது நான் மட்டும் மெஷினை விட்டு நகரவில்லை, பொறுப்பான ஆள் என்பது அவள் வாதம். உண்மையில் ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவுதான். அவளிடம் இதைச் சொன்னதில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணம் நடந்தது. என் பெயர் போனது. சொந்தக்காரர்கள் மத்தியில் நான் ‘நியூட்ரல் மாப்பிள்ளை’. மாமனார் இன்றும் எங்கள் ஆயுத பூஜைக்கு மழைக்கோட்டு போட்டுக்கொண்டுதான் வருகிறார். நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் வனிதா காற்றில் ஒரு கயிற்றை இழுத்துக் காட்டுகிறாள். என் மகளும் இப்போது இழுக்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் மாணிக்கம் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் “நான் அப்பவே மாப்ளகிட்ட சொன்னேன்” என்கிறாரே, அதைப் பொறுக்க முடியாது. அவர் சொல்லவில்லை. வெற்றிலைதான் மென்றார்.

மாணிக்கம் மாமா, வரும் ஆயுத பூஜையில் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். முதலாளி இருப்பார், மாமனார் மழைக்கோட்டில் முன்வரிசையில் இருப்பார், வனிதா இருப்பாள். சீல் மாற்ற அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நியூட்ரல் இல்லை என்பதைப் பார்த்தீர்களா, இல்லையா? வெற்றிலையைத் துப்பிவிட்டு, எல்லார் முன்னாலும், ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.