ஜமக்காளத்துக்கு அந்தப்பக்கம்

மருத்துவப் படிப்பில் பிரசவப் பாடத்துக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் ஒரு குழந்தை பிறப்பதை நான் பார்த்ததே இல்லை. சென்னையில் எங்களைப் பிரசவ வார்டுக்கு அழைத்துப் போனது வாஸ்தவம்தான். கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது எப்போதும் கடைசி வரிசை. எங்கள் வகுப்பிலோ நெட்டைப் பையன்கள் அதிகம். ஒவ்வொரு முறையும் முன்னால் நின்றவனின் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் எல்லாம் புரிந்தவன்போலத் தலையை ஆட்டிவிட்டு மற்றவர்களோடு வெளியே வந்துவிடுவேன்.

இந்த மகத்தான அனுபவத்தோடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரிக்கு டாக்டராகப் போய்ச் சேர்ந்தேன். சிந்தாதிரிப்பேட்டையை விட்டு அதற்கு முன் நான் போயிருந்த வெளியூர் திருவள்ளூர் ஒன்றுதான். வந்த முதல் நாளே ஒரு பெரியவர் என் முன்னால் கைகூப்பி, "ஏனுங் சாமி, வவுத்து நோவுக்கு மருந்து குடுங்க சாமி" என்றார். சாமி! எனக்குப் புல்லரித்துவிட்டது. தெய்வத்துக்கு அடுத்தபடி டாக்டர்தான் என்று இந்த மக்கள் நினைக்கிறார்களே என்று உருகிப்போய், அன்றிலிருந்து கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தேன். (அந்தப் பக்கத்தில் யாரை யார் சாமி என்கிறார்கள் என்று அப்போதே விசாரித்திருக்கலாம். நெஞ்சை நிமிர்த்தியவனுக்கு விசாரிக்க ஏது நேரம்?)

டிஸ்பென்சரிக்குப் பெண்கள் வர மாட்டார்கள். பெண்ணுக்கு உடம்புக்கு வந்தால் புருஷன் வருவான். "ஊட்டுல பொம்பளைக்குக் காச்சலுங்க" என்பான். நாக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் தன் நாக்கை நீட்டிக் காட்டுவான். நானும் அதைப் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பேன். பிரசவம் என்றால் அந்தச் சேதிகூட வராது. தாயோ சேயோ போன பிறகு, போய்விட்டது என்ற சேதி மட்டும் வரும்.

ஜில்லா முழுக்க இதே கதைதான் போலிருக்கிறது. மேலிடத்தில் யாருக்கோ மனம் பொறுக்காமல், கிராமத்து டாக்டர்களுக்கெல்லாம் பெண்கள் வைத்தியத்தில் மறுபடியும் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். கோடை விடுமுறையில் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி, எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். குழந்தைகளுக்குப் போட்ட பெஞ்சுகளில் கோட்டும் வேஷ்டியுமாக முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பாதிப் பேருக்கு மேல் தலை நரைத்தவர்கள். ஒருவர் பெரிய சரிகைத் தலைப்பாகையோடு வந்திருந்தார். அதனால் அவர் பின்னால் இருந்தவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை. நான் இந்தத் தடவை முதல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பாடம் நடத்த வந்தவர் டாக்டர் ஞானமணி அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், என் தோள் உயரம்கூட இல்லை. வந்ததும் வராததுமாக, "கையைக் காட்டும்" என்றார். எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டினோம். ஒவ்வொரு நகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த நகத்துக்குள்ள எத்தனை தாய்மார் செத்திருக்காங்க தெரியுமாவே?" என்று தலைப்பாகைக்காரரிடம் கேட்டார். அவர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பிறகு கிணற்றடிக்கு ஓட்டிப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்க வைத்தார். இரண்டாம் முறை தேய்க்க வைத்தார். அப்புறமும் திருப்தியில்லை. அன்று அவர் தன் கையைக் கழுவிக் காட்டியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பூஜைக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு சிரத்தையாகக் கழுவி நான் பார்த்ததில்லை. இந்த அம்மாளிடம் ஒரு சபாஷ் வாங்கிவிட்டால் ஜன்மம் கடைத்தேறிவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் நாசத்துக்கு அதுதான் ஆரம்பம்.

அடுத்த நாள் பாடம் கர்ப்ப வலிப்பு. முகம் வீங்கும், தலை வலிக்கும், பிறகு திடீரென்று கண் சொருகி உடம்பு உதறும், பல் கிட்டிக்கொள்ளும், கவனிக்காவிட்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துக் கொட்டியது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கத் துணி சுற்றிய கரண்டியைப் பற்களுக்கு நடுவில் கொடுக்க வேண்டும் என்றார். (இப்போது அப்படிச் செய்யக் கூடாது என்கிறார்கள். அப்போது பாடம் அதுதான்.) சாயங்காலமே கடைவீதிக்குப் போய் ஒரு பித்தளைக் கரண்டி வாங்கி, பழைய வேஷ்டியைக் கிழித்துச் சுற்றி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வலிப்பு எந்த நிமிஷமும் வரலாம் அல்லவா?

வாய்ப்பாடமாகவே எத்தனை நாள் சொல்வது என்று அம்மாளுக்கு ஆதங்கம். தானே வண்டி கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய்ப் பேசினார். கடைசியில் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையக் குடும்பம் மனம் இரங்கியது. செல்லாயி என்ற பெண். முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. இது மூன்றாவது. அவளையும் அவள் தாயார் பாவாயியையும் ஏற்றிக்கொண்டு புருஷன் நாச்சிமுத்து காலையில் வண்டியில் வந்து இறங்கினார். பாவாயி அம்மாள் இறங்கும்போதே எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதபாருங்க டாக்டரம்மா. உங்களை நம்பித்தான் வந்திருக்கறோம். இந்த ஆம்பளைங்க நெழலு உள்ளார உழுந்துதுன்னா, எந்நேரமானாலுஞ் செரி, வண்டியப் பூட்டிருவோமுங்க" என்றார்.

"ஒருத்தரும் வர மாட்டாங்க. நான் பொறுப்பு" என்றார் ஞானமணி அம்மாள்.

பள்ளிக்கூடத்து அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த வாசலுக்குக் கதவு இல்லை. மூங்கிலில் ஒரு பெரிய பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். அந்தப்பக்கம் செல்லாயி, அவள் தாயார், ஒரு நர்ஸ். இந்தப்பக்கம் பெஞ்சு போட்டு நாங்கள். உள்ளே நடப்பதை அம்மாள் உரக்கச் சொல்லுவார், நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜில்லாவின் வைத்திய சாஸ்திரம் முழுவதும் ஒரு ஜமக்காளத்தின் கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சிரிப்பதற்கில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றதை எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. "இப்ப முனகல் அடித்தொண்டையிலிருந்து வருது, கேட்டீரா? மூச்சை எங்க பிடிக்கிறா, எங்க விடுறா, கவனியும்" என்று அம்மாளின் குரல் வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு பெண்ணின் மூச்சுக்குள் இத்தனை சேதி இருக்கிறதா என்று பிரமித்துப்போனேன். இத்தனை நாளும் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது, நான் பிறந்த அன்று என் அம்மாவும் இப்படித்தானே இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாள், "இன்னும் நேரம் இருக்கு. கத்திரிக்கோல் கொதிச்சாச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று கொல்லைப்பக்கம் போனார். அவர் கணக்கும் அன்றைக்குத் தப்பியது. போன சற்று நேரத்துக்கெல்லாம் உள்ளே பாவாயி அம்மாளின் குரல் வீறிட்டது.

"சாமி வருது! ஐயோ, சாமி வருது! சாமி வருதுங்கோ!"

சிந்தாதிரிப்பேட்டையில் ஆடி மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மாளுக்குச் சாமி வரும். கண் சொருகும். உடம்பு உதறும். பல்லைக் கடித்துக்கொள்ளும். செல்லாயிக்குச் சாமி வந்துவிட்டதாம்! படித்தவனுக்குத் தெரியாதா அது என்ன சாமி என்று? சில நாள் முன் கேட்ட பாடம் அப்படியே கண்முன் நின்றது.

"வலிப்பு!" என்று அலறிக்கொண்டு எழுந்தேன். தலைப்பாகைக்காரர் என் கோட்டைப் பிடித்து, "ஓய், உள்ளே போகாதீர்!" என்றார். இரண்டு உயிர் போகிற நேரத்தில் நிபந்தனையாவது ஒன்றாவது? அவரை உதறிவிட்டுப் பாய்ந்தேன். ஜமக்காளம் விலகும் என்று நினைத்தேன், அது மூங்கிலோடு வந்துவிட்டது. என்னைத் தடுக்கப் பின்னால் ஓடிவந்த டாக்டர்கள் மீது அது அப்படியே விழுந்து மூடியது. நான் மட்டும் அதன் ஓரத்தில் தடுக்கி, முழங்கால் தேய, உள்ளே போய் விழுந்தேன்.

இங்கே என் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நியப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே கரண்டியை உருவி, கத்துகிற குரல் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் தடவிப் போய், திறந்திருந்த வாயில் சரியாகக் கொடுத்துவிட்டேன். கத்தல் சட்டென்று நின்றது. வைத்தியம் பலித்துவிட்டது என்று ஒரு கணம் பூரித்துப்போனேன்.

கண்ணைத் திறந்தேன். கரண்டி பாவாயி அம்மாளின் வாயில் இருந்தது.

அதற்கு அப்பால் போர்வைக்கடியில் செல்லாயி, அரைமயக்கத்தில், முகமெல்லாம் வியர்வையாகக் கிடந்தாள். வலிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. நர்ஸின் கைகளில் சாமி வந்திருந்தது. பொம்மைபோல, நீலம் பாரித்து, அசையாமல் இருந்தது. பெண் குழந்தை.

ஞானமணி அம்மாள் ஓடிவந்தார். விழுந்து கிடந்த ஜமக்காளத்தையோ என்னையோ அவர் கேட்கவே இல்லை. குழந்தையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார், விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்தார், பாதத்தில் தட்டினார். சத்தமில்லை. "வந்தது வந்துட்டீரு, வெந்நீர் பேசினைப் பிடியும்" என்றார் என்னிடம். பிடித்தேன். என் கை நடுங்கி நீர் தளும்பியது. குழந்தையை அதில் அமிழ்த்தி எடுத்து, அதன் வாயில் தன் வாயை வைத்து, மெல்ல மெல்ல ஊதினார். ஒரு தீக்குச்சிச் சுடரைக்கூட அணைக்க முடியாத ஊதல் அது.

வாசலில் நாச்சிமுத்து கையில் சாட்டையோடு வந்து நின்றார். "உள்ளார ஆம்பளைங்க பூந்துட்டாங்களாமா?" என்று ஆரம்பித்தவர், குழந்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். யாரும் அசையவில்லை. பாவாயி அம்மாளுக்குக் கரண்டியை வாயிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வேண்டாத தெய்வம் இல்லை. என் படிப்பு, முதல் மதிப்பெண், எல்லாவற்றையும் எடுத்துக்கொள், ஒரு சத்தம் மட்டும் கொடு என்று வேண்டினேன். நான் அதுவரை அப்படி வேண்டியதே இல்லை.

அம்மாள் மறுபடியும் ஊதினார். அந்த மார்பு, என் உள்ளங்கையை விடச் சிறிய மார்பு, ஒரு விம்மு விம்மியது. ஒரு தும்மல். பிறகு ஒரு மெல்லிய முனகல். அப்புறம் பள்ளிக்கூடமே அதிரும்படி ஓர் அழுகை. நீலம் போய் ரோஜா நிறம் நெஞ்சிலிருந்து கையிலும் காலிலும் பரவுவதை நான் முன் வரிசையில் நின்று, யார் முதுகும் மறைக்காமல் பார்த்தேன். அப்படி ஓர் அதிசயத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன், அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை. நானும் குழந்தையோடு சேர்ந்து அழுதேன். நாச்சிமுத்து சாட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாவாயி அம்மாள் கரண்டியை எடுத்துவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கினார். "என்ற சாமி வந்திருச்சா? என்ற சாமீ..." என்று கொஞ்சினார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் பெரியவரும் சாமி, பச்சைக் குழந்தையும் சாமி. டாக்டரும் அந்தக் கணக்கில்தான் சாமி.

பிறகு என்னிடம் திரும்பினார். அடி விழும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அன்னிய ஆம்பளை உள்ளார வந்தா குத்தமுங்க" என்றார் மருமகனைப் பார்த்து. "கூடப் பொறந்தவன் வந்தா என்ன குத்தம்? எம் புள்ளைக்குத்தான் பொறந்தவன் இல்லையே. இன்னிக்கிருந்து இந்தக் கரண்டிக்காரந்தான் அவளுக்கு அண்ணன். புள்ளைக்குத் தாய்மாமன் இவந்தான்."

"அப்ப மத்தவங்க?" என்றார் நாச்சிமுத்து.

"அவங்க ஜமக்காளத்துக்குள்ளாரல்ல கெடக்கறாங்க!"

செல்லாயி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "தண்ணி குடுங்கண்ணா" என்றாள். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் அந்தத் தண்ணீர்தான். ஞானமணி அம்மாளிடமிருந்து சபாஷ் வரவில்லை. "அடுத்த தடவை கண்ணைத் திறந்துக்கிட்டு வாரும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தேன். கொங்கு நாட்டில் தாய்மாமன் உறவில் விளையாட்டுக் கிடையாது என்பது காதுகுத்துக்கு ஆள் வந்தபோது தெரிந்தது. மணி என்று பெயர் வைத்த அந்தக் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அது என் கட்டை விரலைக் கடித்தது. பெரியவளானதற்குச் சீர், கல்யாணத்துக்குச் சீர் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். "ஒரு கரண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று என் மனைவி கேட்பாள். முதல் ஆளாகக் கிளம்புகிறவளும் அவள்தான். செல்லாயியைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்கு என்னை உள்ளே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கெல்லாம் நான் அண்ணன்தான்.

மணிக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கும் வயது. இந்தக் கதையை அம்மாயியிடம், அதாவது பாட்டி பாவாயியிடம், கேட்டு வளர்ந்தவள். விசேஷ வீடுகளில் அதைச் சொல்லும் உரிமை அவளுடையது. எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. கதை அந்த மௌனத்துக்கு வரும்போது மட்டும் எனக்கு இன்றும் பேசின் கையில் இருப்பதுபோலக் கை நடுங்கும். அவளுக்கு அது தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லுவாள்:

"பொறந்ததும் நான் அளுவலைன்னு எல்லாரும் பயந்துட்டாங்களாமா. எப்பிடி அளுவறதுங்க? கண்ணை முளிச்சுப் பாத்தா, எங்க மாமன் எங்க அம்மாயி வாயில கரண்டியைச் சொருகிட்டு நிக்கறாரு. சிரிப்பை அடக்கறதுக்கே எனக்கு மூச்சு நின்னு போச்சுங்க!"