செல்லக் காசு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் போர்வைக்குள் டார்ச் விளக்கோடு உட்கார்ந்து எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தையல் மெஷின் மூவரும் நலம். நான் நலமில்லை. அங்கே நீங்களும் மாமாவும் நலமா? விசாரிக்க யாராவது வந்தார்களா? வரவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கவும். வந்திருந்தால் முதலில் கிழித்துவிட்டுப் பிறகு படிக்கவும்.

நீங்கள் கல்யாணத்துக்கு முன்பு கிளை நாணயச்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் தையல் கடைச் சில்லறை டப்பாவைப் பாயில் கவிழ்த்து, நாம் இருவரும் குப்புறப் படுத்து, ஆண்டுக்குக் கீழே குட்டி முக்கோணம் போட்ட காசைத் தேடுவோமே, நினைவிருக்கிறதா? சேகரிப்பவர்களுக்காக மட்டும் உங்கள் நாணயச்சாலையில் அடித்து நீலப் பெட்டியில் விற்கும் காசு, கடைத்தெருப் பக்கமே வராது என்று தெரிந்துதான் தேடுவோம். “வராதுன்னு தெரிஞ்சும் ஏன் அத்தை தேடுறோம்?” என்றால், “வந்துட்டா?” என்பீர்கள். டப்பாவில் பொத்தான்தான் வரும். நீங்கள் போன பிறகு நான் கவிழ்ப்பதில்லை. தனியாகத் தேடினால் பொத்தான் வந்தாலும் சிரிப்பு வருவதில்லை.

கல்யாணம் முடிந்து புறப்படும் நாளில், உங்கள் சம்பளத்தில் வாங்கிய இரண்டு நீலப் பெட்டிகளில் ஒன்றை என் கையில் வைத்து, “இது செல்லக் காசுடி, பத்திரம்” என்றீர்கள். கார் உறுமியதில் எனக்கு ‘செல்லாக் காசு’ என்று காதில் விழுந்தது. செல்லாததை யார் வாங்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், போன வெள்ளிக்கிழமை எறிபந்துப் போட்டிக்குப் பூவா தலையா போட அதை எடுத்துப் போனேன், தோற்றோம், பசித்தது, பேக்கரியில் பன் வாங்கினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் காசு இல்லை. செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம்! அதே முக்கோணம், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு பேக்கரிக்காரர். புழக்கத்துக்கு வரக் கூடாதது எப்படி வந்தது என்று பொட்டலப் பிரிவில் இருந்த எல்லோரையும் விசாரிப்பார்களாம். அம்மா சத்தமாகப் படித்துவிட்டு, “உங்க தங்கச்சி இருந்த இடம்தானே?” என்றாள். “அவ அங்கேருந்து ஒரு குண்டூசி எடுத்திருக்க மாட்டா” என்ற அப்பா, ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொண்டார்.

உடனே பேக்கரிக்கு ஓடினேன். காசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, இரண்டு பன் வாங்கினால்தான் கிட்டே போய்ப் பார்க்க விடுகிறார். “அங்கிள், வேற காசு தர்றேன், அதைக் குடுத்துருங்களேன்.” “பாப்பா, இனிமே அது காசு இல்ல, விளம்பரம்.” மூன்று நாளில் ஆறு பன். செருப்பு அலமாரியில் ஒளித்ததில் எறும்பு வந்து, அம்மா என் காலணியை மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

அத்தை, உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் தூங்காமல் எழுதுகிறேன். நாளைக் காலை நானே நாணயச்சாலைக்குப் போய், பெட்டியைத் திறந்தது நான்தான், எங்க அத்தை காசு கொடுத்து வாங்கியதுதான் என்று சொல்லப்போகிறேன். எனக்கு ஜெயிலில் பரீட்சை வைப்பார்களா என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லவும்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கைக்கு என் முத்தம், இன்னும் அந்தக் காசு வாசனை அடித்தால் இரண்டு முத்தம்.

பயத்துடன்,
உங்கள் பொத்தான்

பின்குறிப்பு: உறை தேடிப் பையைக் கொட்டினேன். காம்பஸ் பெட்டியில், பாகைமானிக்கு அடியில், என் முக்கோணக் காசு பளபளவென்று இருக்கிறது! அப்படியென்றால் பேக்கரியில் இருப்பது? இரண்டு வாரம் முன்பு நீங்கள் வந்திருந்தபோது அப்பாவின் சில்லறை டப்பா பக்கத்தில் தனியாக நின்றீர்கள். “இந்த ஞாயித்துக்கிழமை மறக்காம கவுத்துப் பாருடி” என்றீர்கள். நான் கவிழ்க்கவில்லை. அப்பா அந்த டப்பாவிலிருந்து காசு எடுத்துத்தான் அதே பேக்கரியில் ரொட்டி வாங்குகிறார். அத்தை, உங்கள் நீலப் பெட்டி காலிதானே? பயப்படாதீர்கள், என்னுடையதை இதோடு வைத்து அனுப்புகிறேன். யார் கேட்டாலும் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். அடுத்த முறை வரும்போது நாம் இருவரும் சேர்ந்தே கவிழ்ப்போம். பொத்தான் போதும்.