பிள்ளைச்சாவடி மைதானம் கடலுக்குள் போன வரலாறு

மலர்க்குழு ஆசிரியர் திரு. கமலக்கண்ணன் அவர்களுக்கு,

பிள்ளைச்சாவடி முத்துமாரி விளையாட்டு மன்றத்தின் கௌரவச் செயலாளர் ம. ராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எனக்கு முட்டிவலி தவிர மற்றபடி சுகம். தாங்களும் மலர்க்குழுவினரும் முட்டிவலிகூட இல்லாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

புதுவைக் கடற்கரை விளையாட்டு வரலாற்று மலருக்காகத் தாங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. ஆண்டு, போட்டி, வென்றவர், மைதானத்தின் அளவு என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். நான்காவதில் பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மைதானம் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு அளவில் இருந்தபடியால் அது கட்டத்தில் அடங்கவில்லை. கடிதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எண்பத்தாறில் மன்றத்தைத் தொடங்கியவர்கள் நானும் அமலநாதனும். இருவரும் தட்டாஞ்சாவடியில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டினோம். ஞாயிறானால் அவன் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு கடற்கரைக்கு வந்து கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொள்வான். அப்போது மணல் அவ்வளவு அகலம். கால்பந்து மைதானம் போக வலை காயப்போட இடம், படகு ஏற்ற இடம், அதற்கும் அப்பால்தான் கடல். முதல் போட்டிக்குப் பதினான்கு அணிகள் வந்தன. டவுனிலிருந்து சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களின் பிள்ளைகள், பாரீசிலிருந்து வந்த பூட்ஸோடு இறங்கி, வெறுங்காலோடு ஆடிய எங்களிடம் தோற்றார்கள். எங்கள் மன்றம் வாங்கிய பெரிய கோப்பை அதுதான். அதற்குப் பிறகு ஜெயித்ததெல்லாம் கடல்.

தொண்ணூற்றெட்டு இறுதியாட்டத்தில் கிழக்குக் கோல் கம்பம் தண்ணீரில் நின்றது. ஓங்கி உதைத்த பந்து அலைக்குப் போய்விட, அமலநாதன் நீந்திப்போய் இருபது நிமிடம் கழித்து அதோடு திரும்பினான். நடுவர் இராமதாஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டியபடி, "இது த்ரோவா, கார்னராய்யா?" என்று அவனையே கேட்டார். "மொதல்ல தொடச்சிக்க ஒரு துண்டு குடுங்க, அப்பறம் சொல்றேன்" என்றான். அடுத்த வருடம் அந்தக் கம்பமும் இல்லை. மைதானத்தைக் காப்பாற்றும்படி மனுமேல் மனுவாகக் கொடுத்தோம். ஏழாவது வருடம் ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்து, "மைதானம் எங்க?" என்றார். "நீங்க நிக்கிற எடத்துலேர்ந்து நாப்பது அடி உள்ள சார்" என்று அமலநாதன் கடலைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்து, இடம் நேரில் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கால்பந்துக்கு இடம் பற்றாமல் வாலிபாலுக்கு மாறினோம். தானே புயலுக்குப் பிறகு அதற்கும் இடமில்லாமல் கபடி. ஒருநாள் பாடிப்போனவனை அலை இழுத்துக்கொள்ள, பிடித்த ஏழு பேரும் அவனை அவுட்டாக்கப் பிடிக்கவில்லை, உயிரோடு கரையேற்றத்தான் பிடித்தார்கள். அன்றோடு கபடியும் நின்றது. கடைசியாக மன்றத்தின் ஒற்றை அறைக் கட்டடத்துக்குள் கேரம் பலகையைப் போட்டு வருடாந்திரப் போட்டி நடத்தினோம். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. தங்கள் படிவத்துக்கு நான் உறுதியாகத் தரக்கூடிய ஒரே அளவு இது.

போன கார்த்திகை மாதம் பகல் பதினோரு மணிக்கு அரையிறுதி. நானும் அமலநாதனும். ஆட்டம் ஏறக்குறைய சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கடல் இரண்டு நாளாகப் பின்சுவரை அறைந்துகொண்டிருந்தது, எங்களுக்குப் பழகிவிட்டது. திடீரென்று சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்து நின்றோம். அந்தப் பெரிய கோப்பை வைத்த ஷோகேஸ் உள்ளே இருந்தது. "அமலு, கோப்பைடா" என்று கத்தியவன் நான்தான். அவன் உள்ளே ஓடினான். சுவர் விழுந்தது.

நாங்கள் கையால் கல்லைப் பொறுக்கி அவனை வெளியே எடுத்தோம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான். நான் தினமும் பஸ் ஏறிப் போய் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவன் மனைவி பெர்னதெத்தை எதிரில் கண்டால் இன்றுவரை சந்துக்குள் திரும்பிவிடுகிறேன். ஒரு தகரக் கோப்பைக்காக அந்தம்மாவின் புருஷனை அனுப்பினவன் என்ன முகத்தோடு நிற்பது?

ஆகவே, மலரில் எங்கள் மன்றத்தின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மன்றத்துக்கு இடமும் இல்லை, கட்டடமும் இல்லை, இந்தக் கடிதத்தோடு செயலாளரும் இல்லை. நிரப்பிய படிவத்தைக் கிழித்துவிடவும். மலர் நல்லபடி வெளிவரவும், வெளியீட்டு நாளில் மழை இல்லாதிருக்கவும், தங்கள் குடும்பத்தார் நோய்நொடியின்றி நெடுநாள் வாழவும் மாரியம்மனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ம. ராமலிங்கம்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் பெர்னதெத் வீட்டுக்கு வந்தது. மலருக்கு அமலநாதன் படம் தேவை என்று என் மகள் கலைவாணி போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒளிய இடமில்லை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தது.

"கோப்பைக்கா போனாரு? நீங்க கத்தனது அவரு காதுலயே விழலண்ணே. ஸ்கோர் நோட்டு உள்ள கெடந்துச்சாம். 'நான் இருபத்தொண்ணு, ராமலிங்கம் ஒம்போது. நோட்டு போயிடுச்சின்னா ஆட்டமே நடக்கலன்னுடுவான்'னு பதினோரு நாளும் இதையேதான் பொலம்பிக்கிட்டு கெடந்தாரு."

"ஏம்மா இத்தன மாசமா சொல்லல?"

"நீங்க நின்னாதான சொல்றதுக்கு."

அவன் சொன்ன கணக்கு சரிதான், சமம் என்று மேலே நான் எழுதியதுதான் தவறு. அந்தம்மா கொண்டுவந்த படத்தை இணைத்திருக்கிறேன். மன்றத்தின் பெயரை நீக்க வேண்டாம், படிவத்தையும் கிழிக்க வேண்டாம். கடைசி வரியில் இதைச் சேர்த்துக்கொள்ளவும்: கேரம் அரையிறுதி, வென்றவர் அமலநாதன். தோற்றவர் பெயரை இனிஷியலோடு போடலாம்.