கழலாத வார்

ரந்தாவ் டவுனில் இருக்கும் குஷன் கடை நான் கட்டியது. பின்னால் இருக்கும் வீடும் நான் கட்டியதுதான். கொத்தனார் பாதியில் ஓடிப்போனதால் குசினிச் சுவரை நானே எழுப்பினேன் (சற்றுச் சாய்ந்திருக்கும், விழாது). செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குப் படுதா, தோட்டத்துக் கோயிலுக்கு மழைப் பந்தல், அம்பாங்கானில் ஒரு டாக்டர் வீட்டு சோபா, எல்லாம் இந்தக் கை செய்தது. படிப்பு நாலாம் வகுப்பு. இவ்வளவு செய்தும், நான் தைத்த ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் என் வீட்டில் இன்றுவரை பேசுகிறார்கள்.

என் மகள் புனிதா கடலுக்கடியில் முக்குளிப்பவள். காற்று அடைத்த இரும்புத் தோம்பை முதுகில் சுமந்துபோய் மீன் பார்ப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டேன். கொடுப்பார்களாம். செண்டாயானில் ஒரு முக்குளிப்புப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். நீச்சல் குளத்தில் பரீட்சை, சொந்தச் சாமானோடு வரவேண்டும். இதை நம்பி அவள் பேக்டரி வேலையை விட்டிருந்தாள். இது கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

அவளோ சின்ன உடம்பு. கடையில் விற்கும் வார் எதுவும் அவள் தோளில் நிற்காது. அதனால் முதுகில் வைக்கும் இரும்புத் தகடு, நீளமான நாடா, இடுப்புக் கொக்கி மூன்றையும் என்னிடம் கொண்டுவந்தாள். ஒரே நாடாவைத் தகட்டின் ஓட்டைகளில் விட்டு, தோள் வழியாக இடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கொக்கி ஒரு கையால் திறக்க வேண்டும் என்றாள்.

"தைக்காதீங்கப்பா, கோத்தா போதும். அப்பதான் கூட்டிக் கொறச்சிக்கலாம்."

இத்தனை வருஷம் தைத்தவனிடம் கோர்க்கச் சொல்கிறாள். என் பட்டறையில் கிடந்த நாடாவையும் சேர்த்து இரட்டையாக்கி, படுதா தைக்கும் மெழுகு நூலால் நாலு வரிசை ஓட்டினேன். பிறகு அந்தக் கொக்கியைப் பார்த்தேன். ஒரு விரல் பட்டால் திறந்துகொள்கிறது. என் தொழிலில் கட்டு கழன்றால் குலை முழுக்க ரோட்டில் கிடக்கும், லோரிக்காரன் கடை வாசலில் நின்று கத்துவான். பெற்ற பிள்ளையை அப்படி ஒரு கொக்கியை நம்பித் தண்ணீருக்குள் அனுப்ப மனம் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு, லோரிச் சாமானைக் கட்டும் பல்சக்கரப் பூட்டை வைத்தேன். கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகும் வகை.

பரீட்சையன்று குளத்தங்கரையில் பையைத் திறந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"உசுரே போனாலும் கழலாதும்மா."

பள்ளி முதலாளி, ஒரு சீனர், அதற்குள் கூப்பிட்டுவிட்டார். வேறு வார் கைவசம் இல்லை. அதையே மாட்டிக்கொண்டாள். நானே இறுக்கிவிட்டேன் (நன்றாகவே).

சொன்னதெல்லாம் செய்தாள். கடைசியாக முதலாளி தண்ணீருக்கடியில் கையைக் காட்டினார். தோம்பை வாரோடு கழற்றி, மறுபடியும் மாட்ட வேண்டுமாம். எல்லா முக்குளிப்பவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பூட்டு அசையவில்லை. அவள் நிதானமாகச் சைகை காட்டி, ஆழமில்லாத பக்கம் வந்து எழுந்து நின்றாள். அவசரமெல்லாம் எனக்குத்தான். காலில் இருந்த சப்பாத்து, கைத்தொலைபேசி எல்லாவற்றோடும் குதித்தேன். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினேன்.

"அப்பா, கைய எடுங்க. நீங்க ஆட்டுற ஒவ்வொரு ஆட்டுக்கும் இறுகுது."

சத்தம் போடாமல் சொன்னாள். நான் இன்னும் ஒரு முறை ஆட்டினேன்.

முதலாளி கத்தி கொண்டுவந்தார். அந்தச் சின்னக் கத்தி என் தையலில் பாதி தூரம்கூடப் போகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கடைசியில் தோம்பை மட்டும் தகட்டிலிருந்து பிரித்தெடுத்து, அவளைப் போகச் சொன்னார்கள். முதுகில் இரும்புத் தகட்டோடு, சாயவும் முடியாமல், ரந்தாவ் வரைக்கும் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். வேலை போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வாசலில் நின்ற என் மனைவி சரசு எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, பிள்ளைய பார்சல் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க."

பட்டறைக் கத்தரியால் நான் வாரை வெட்டிக்கொண்டிருக்கும்போதே புனிதாவின் தொலைபேசி அடித்தது. அந்த முதலாளிதான். வேலைக்கு வரச் சொன்னார். தண்ணீருக்குள் எது சிக்கினாலும் பதறாத ஆள்தான் மாணவர்களுக்கு வேண்டும், இவ்வளவு மோசமான சிக்கலையும் இவ்வளவு பொறுமையான பெண்ணையும் தான் பார்த்ததில்லை என்று மலாயில் சொன்னாராம். சரசு அழுதுவிட்டாள். நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என் வீட்டில் ஊறுகாய்ப் போத்தல் திறக்காவிட்டால், "அப்பா மூடுனதா லா?" என்று கேட்கிறார்கள். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

என் குறை வேறு. புதிதாக வரும் மாணவர்களுக்குப் புனிதா இந்தக் கதையைச் சொல்கிறாள். 'பரீட்சையன்று சாமானில் ஒரு கோளாறு, நான் பதறவில்லை, வேலை கிடைத்தது' என்று முடிக்கிறாள். கோளாறு தானாக வருமா? உட்கார்ந்து, இரட்டையாக மடித்து, நாலு வரிசை தைத்து அதைக் கொண்டுவந்தவன் நான். கடைக்கொக்கியோடு போயிருந்தால் அவளும் பத்தோடு பதினொன்றாகத்தான் கரையேறியிருப்பாள். ஆகவே இனிமேல் அந்தக் கதையைச் சொல்லும்போது, 'கோளாறு' என்கிற இடத்தில் என் பெயரைச் சொல்ல வேண்டும். என் தகப்பன் பெயரையும் சேர்த்து, முழுசாக.