குப்பைப் பை விலையேற்றமும் நான் ஆற்றிய உரையும்

அன்பும் ஆற்றலும் மிக்க என் அக்காள் மகன் ரேட்டோவுக்கு, தாய்மாமன் பால்ஸ் எழுதும் மடல். இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக யாவரும் சுகம். அங்கே கூர் நகரத்து மருத்துவமனையில் உன் இடது கால் நீங்கலாக மற்ற பாகங்கள் சுகமென்று நம்புகிறேன்.

முதலில் சேதி: உன் வேலை போகவில்லை. குப்பை வண்டி வாரா வாரம் வியாழக்கிழமை ஓடும், நீதான் ஓட்டுவாய். இதற்கு யார் காரணம் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஆயிரம் பேர். (மாமி நூற்றிருபது என்கிறாள், அவள் கண்ணாடி போடாமல் வந்தவள்.) நம் ஊர் நிதிப் பொறுப்பைப் பார்க்கிற ஊர்சினா கடுஃப் அம்மாள் எழுந்தார். கையில் ஒரு தாள்கூட இல்லை! "நம்ம ஊர்ப் பையில கட்டி வச்சாத்தான் வண்டி எடுக்கும், குப்பை அள்ளுற காசு அந்தப் பை விலைக்குள்ளதான் இருக்கு. பதினாலு வருஷமா பை ரெண்டு பிராங்க். எரிக்கிற ஆலை கட்டணத்தை ஏத்திட்டாங்க, டீசலும் ஏறிடுச்சு. இனி ரெண்டு பிராங்க் அறுபது. கசக்கும்னு தெரியும். ஏத்தலைன்னா வண்டி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். ஒரு டிரைவரை நிறுத்தணும்" என்றார். கடைசியாகச் சேர்ந்தவன் நீதானே?

ஓட்டல்கார ஹான்ஸ்ருவேதி எழுந்து, "அறுபது சென்டிம் ஏத்துறீங்களே, பைக்குத் தங்க முலாம் பூசித் தருவீங்களா? எனக்கு வாரம் நாப்பது பை ஆகுது!" என்றான். ஒரே சிரிப்பு. அந்தம்மாள் அசரவில்லை. "உங்க நாப்பது பைக்கு ஆகுற செலவை, அரைப் பை போடுற பக்கத்து வீட்டுக்காரர் கட்டணுமா, ஹான்ஸ்ருவேதி?" அவன் உட்கார்ந்த சத்தம் இத்தாலி வரை கேட்டிருக்கும். இப்படி ஒரு பெண்மணியை நான் பார்த்ததில்லை, மாமியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் ஜனங்கள் முகத்தில் தெளிவில்லை. அப்போதுதான் நான் எழுந்தேன். பள்ளிக்கூடம் என்னை ஆறே வருஷத்தில் கைவிட்டது, நாக்கு கைவிடவில்லை. இடுப்பளவு பனியில் நீ மேட்டுப் பண்ணைவரை வண்டியை ஏற்றியதையும், வழியில் சிக்கிக் கிடந்த கன்றுக்குட்டியை உன் இருக்கைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கொண்டுவந்ததையும் சொன்னேன். (ஆட்டுக்குட்டிதான். கடைசி வரிசைக்குத் தெரியட்டும் என்று கன்றாக்கினேன்.) நடக்க முடியாத நேகலி அம்மாள் வீட்டு மாடிக்கே ஏறி நீ பையை எடுத்து வருவதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

சூடு ஏறிவிட்டது எனக்கு. "கூட்டுறவுக் கடையில மூணு வாரமா பை அடுக்கு காலி! விலை ஏறுறதுக்குள்ள எவனோ ஒரு மகானுபாவன் வாரிட்டுப் போயிட்டான்!" என்று முழங்கினேன். "யாருய்யா அவன்?" என்று குரல்கள். "யாரா இருந்தா என்ன? பழைய பை ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து செல்லாதுன்னு சேர்த்து எழுதுங்க!" என்றேன். கைதட்டலில் கூடைப்பந்து வளையம் ஆடியது.

ஊர்சினா அம்மாள் தயங்கினார். "பால்ஸ், நிஜமாத்தான் சொல்றீங்களா? பழைய பையில அறுபது சென்டிம் வில்லை ஒட்டிக்கட்டும்னு நெனச்சிருந்தேன்."

"ஒட்டெல்லாம் வேணாம்மா. கண்டிப்பா இருங்க!"

கை தூக்கச் சொன்னார்கள். என் திருத்தத்தோடு சேர்த்து ஆதரவு எழுபத்தொன்று, எதிர்ப்பு நாற்பத்தொன்பது. மீதி எண்ணூற்றுச் சொச்சம் பேர் கை தூக்க மறந்துவிட்டார்கள். மாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீராக இருக்கும்.

உன் எலும்பு சீக்கிரம் கூடட்டும். உன் வண்டியின் பிரேக்கைப்போல் உன் ஆயுளும் உறுதியாக இருக்கட்டும்.

உன் நலம் நாடும் மாமன்,
பால்ஸ்

பின்குறிப்பு: அந்த மகானுபாவன் நான்தான். விலை ஏறப்போகிறதென்று நீ வாய்தவறிச் சொன்ன மறுநாளே வாங்கிப்போட்டேன். நிலவறையில் எண்பது சுருள், சுருளுக்குப் பத்துப் பை. கைதட்டலில் சுத்தமாக மறந்துபோயிற்று. மாமி செவ்வாயிலிருந்து பேசுவதில்லை. ஜனவரியில் நீ வண்டியேறியதும் என் வாசலில் பழைய பை ஏதாவது தென்பட்டால் பேசாமல் தூக்கிப் போட்டுக்கொள். யாராவது கேட்டால் கன்றுக்குட்டி என்று சொல்லிவிடு.