மணப்பெண் ஏறும் வண்டிக்கு ரீடெஸ்ட்

கொல்லங்கோடு,
செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பின்.

ஆனைமலையில் இருக்கும் பெருமதிப்புக்குரிய மாமா திரு. கருப்புசாமி அவர்களுக்கு, மூத்த மருமகன் மோகனசுந்தரம் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் மூத்த மகள், பிள்ளைகள் இருவர், கறவை மாடு எல்லோரும் சுகம். மாந்தோப்பும் சுகம். ஜீப் மட்டும் சுகமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் கடைக்குட்டி யோகப்பிரியாவின் கல்யாணத்துக்குப் பந்தல்காரன் வந்துவிட்டானா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஆனால் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்ட வேண்டாம்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் வந்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அத்தை கேட்பார்கள். அத்தை கேட்டது பத்து நிமிடத்தில் உங்கள் இரண்டாவது மகள் செல்வப்பிரியாவுக்குப் போகும். அங்கிருந்து அவள் புருஷன், என் அருமைச் சகலை தங்கதுரைக்குப் போகும். அவன் எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான். நான் போனை வைத்துத் திரும்புவதற்குள் என் வாசலில் வந்து நின்று, “என்னுங்கண்ணா, மாமாகிட்ட என்னமோ சொன்னீங்களாமா?” என்பான். அதனால்தான் பேனாவை எடுத்தேன், சாயங்கால பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். “ஜீப்புக்குப் பேப்பர் ஆகலீன்னாலும் பரவால்ல மாப்ளே, தங்கதுரை டாக்ஸி இருக்குதில்ல, பொண்ணு அதுல வந்துக்கட்டும்” என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா, உங்கள் வீட்டுப் பெண்ணை மண்டபத்துக்கு மூத்த மருமகன் வண்டியில் அழைத்து வருவதுதான் வழக்கம். உங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான் என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். செல்வப்பிரியாவை ஒன்பது வருடத்துக்கு முன்னால் யார் அழைத்து வந்தது? நான்தான். எந்த வண்டியில்? என் கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் சாவி கொடுத்த இதே ஜீப்பில். அந்த ஜீப்புக்கு இப்போது பதினைந்து வருடம் முடிகிறது. பதினைந்து முடிந்தால் ரீடெஸ்ட். கிரவுண்டில் நிறுத்தி, இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்து, இது இன்னும் ரோட்டில் ஓடலாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு மேல் ஜீப் என் தோட்டத்துப் படலைத் தாண்டக் கூடாது, அப்புறம் எங்கே கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருவது? முகூர்த்தமோ திங்கட்கிழமை. என் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

தங்கதுரைமேல் எனக்குப் பொறாமை என்று உங்கள் மூத்த மகள் சொல்கிறாள். பொறாமைதான் மாமா, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? வயிறு எரிகிறது. அவன் டாக்ஸியும் வருடா வருடம் டெஸ்ட்டுக்குப் போகிறது. தேதி தவறாமல் போகிறான். பாலக்காடு வரைக்கும் அலைவதில்லை, நம் பக்கத்து கிரவுண்டிலேயே வேலை முடிகிறது. காலை ஏழு மணிக்கு வண்டியைக் கழுவிக்கொண்டு போனால் ஒன்பதரைக்கு இட்லிக்கு வீட்டில் இருக்கிறான். இன்ஸ்பெக்டர் அவன் வண்டியைத் தட்டிக் கொடுத்து, “வண்டி கொள்ளாம் கேட்டோ” என்று பாராட்டுகிறாராம். உடனே அந்த சர்ட்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கும்பிடு வைக்கிறான். நீங்களும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். என் மாந்தோப்பில் போன வருடம் முன்னூறு பெட்டி காய் இறங்கியபோது நானும் போட்டோ போட்டேன். நீங்கள் இரண்டு நாள் கழித்து “சரி” என்று ஒரு வார்த்தை போட்டீர்கள். நான் கணக்குப் பார்ப்பவன் இல்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. இந்த வருடம் இன்னும் அவன் அந்தப் போட்டோவைப் போடவில்லை. பிரேம் போட்டு நேராகக் கல்யாண மண்டபத்துக்கே கொண்டுவந்து மாட்டப் போகிறானோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முதல் டெஸ்ட்டில் என்ன நடந்தது என்று அவன் தன் வாயால் உங்களுக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். டெஸ்ட்டுக்கு முன்னால் ஜீப்பை நம் செல்லத்துரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிரேக், லைட், ஹாரன் எல்லாம் சரி செய்தாகிவிட்டது, பெயிண்ட் மட்டும் பாக்கி. அப்போதுதான் தங்கதுரையின் டாக்ஸி பளபளவென்று அந்த வழியாகப் போனது. அதுவும் வெள்ளை, நம் ஜீப்பும் வெள்ளை. மண்டப வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நம்முடையது பழைய வேட்டி மாதிரித் தெரியுமே என்று மனது கேட்கவில்லை. “செல்லத்துரை, மாந்துளிர் கலர் அடி” என்று சொல்லிவிட்டேன். அடித்து முடித்தபோது ஜீப் அப்படி ஒரு அழகு மாமா, தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கிரவுண்டில் இன்ஸ்பெக்டரும் நின்று பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். “சேட்டா, புக்கில வெள்ளையாணல்லோ, இது எந்து களர்?” என்றார். “மாந்துளிர்ங்க சார்” என்றேன். கலர் மாற்றினால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்கு அலைய நாளில்லை. திரும்ப வந்து அத்தனை அழகையும் சுரண்டி மறுபடி வெள்ளை அடித்தேன். அந்த வாரம் முழுக்கத் தங்கதுரை என்னிடம் கலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தான் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

போன புதன்கிழமை இரண்டாவது டெஸ்ட்டில் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் அத்தைக்கும் பங்கு உண்டு. வண்டி எடுத்த அன்று ஷோரூமில் பொட்டு வைக்க அத்தை குங்குமத்தோடு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “எங்கீங்க வெக்கறது?” என்று கேட்டார்கள். அந்த ஷோரூம்காரன் சும்மா இருந்திருக்கலாம். பானெட்டைத் திறந்து, இரும்பில் குத்தியிருந்த சேசிஸ் நம்பரைக் காட்டி, “இதுதானுங்க வண்டியோட உசுரு” என்றான். அத்தை அந்த உயிர்மேலேயே சந்தனத்தைப் பூசிப் பொட்டு வைத்தார்கள். அம்மா வைத்த இடம் என்று உங்கள் மகளும் அமாவாசைக்கு அமாவாசை, ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை, பதினைந்து வருடம் அதே இடத்தில் வைத்திருக்கிறாள். ஒரு மாதம் தவறவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். தேய்த்தார். காகிதத்தில் நம்பர் வரவில்லை, மஞ்சளும் குங்குமமும் வந்தன. விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார். கூட வந்திருந்த உங்கள் மகள் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினாள். “கல்யாண ஊட்டுல குங்குமத்தைச் சொரண்டறதா? எங்கம்மா வெச்ச பொட்டுங்க சார். அதுல இரும்பு பட்டுதுன்னா நான் இங்கயே உக்காந்துக்குவேன்” என்று பானெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். எனக்குப் பின்னால் பதினெட்டு வண்டி ஹாரன் அடிக்கிறது.

அப்போது எங்கிருந்தோ தங்கதுரை வந்தான். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருப்பான், வேறு எதற்கு? கையில் ஒரு நல்லெண்ணெய் பாட்டிலும் பழைய துண்டும். “அண்ணா, நீங்க கொஞ்சம் நகுருங்க. இரும்பு வேண்டாமுங்கக்கா, எண்ணெயில ஊற வெச்சு நெகநெகன்னு தொடச்சாப் போதுமுங்க” என்றான். பானெட்டுக்குள் தலையை விட்டவன் ஒன்றரை மணி நேரம் வெளியே எடுக்கவில்லை. கை, சட்டை, நெற்றி எல்லாம் குங்குமம். நம்பரில் ஆறு எழுத்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது இன்ஸ்பெக்டருக்கு நேரம் முடிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா மாமா? உங்கள் மகள் பிளாஸ்க்கைத் திறந்து முதல் டீயை அவனுக்குக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம், “தங்கதுரை கைக்கு எத்தனை பதம் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பதினைந்து வருடத்தில் என் கையைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மிச்ச எழுத்துகளை நானே வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்து துடைத்தேன். பதமாகத்தான் துடைத்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் டெஸ்ட்டுக்கு நாள் பதிவு செய்து தரும் ஜின்சன் கையை விரித்துவிட்டான். “மோகனேட்டா, இனி ஸ்லாட் கல்யாணம் கழிஞ்ஞிட்டே உள்ளூ” என்றான். கல்யாணம் முடிந்த பிறகு எனக்கு ஸ்லாட் எதற்கு? அன்று சாயங்காலமே மாரியம்மனுக்கு விளக்கு நேர்ந்துகொண்டேன். அம்மன் கைவிடவில்லை. நேற்றுக் காலையில் ஜின்சனே கூப்பிட்டு, நாளைப் புதன்கிழமைக்கு ஒரு ஸ்லாட் காலியாயிற்று, உடனே ஜீப்புக்குப் போட்டுவிட்டேன் என்றான். யாரோ புண்ணியவான் வேண்டாம் என்று விட்டிருக்கிறான். நல்ல மனது உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே மாமா, உங்களிடம் நான் கேட்பது இதுதான். நாளை மதியம் வரை பெண் எந்த வண்டியில் வருவாள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். நாளை ஜீப் கட்டாயம் பாஸ் ஆகும். ஒருவேளை ஆகாவிட்டால், உங்கள் டிராக்டரைக் கழுவி வாழைமரம் கட்டி அதில் யோகப்பிரியாவை அழைத்து வாருங்கள், நான் தலைகுனிந்து பின்னால் நடந்து வருகிறேன். மஞ்சள் போர்டு வாடகை வண்டியில் மட்டும் வேண்டாம். மூத்த மருமகன் இருக்க இளையவன் கதவைத் திறந்துவிட, மணப்பெண் இறங்க, மாப்பிள்ளை வீட்டார் “இவருதான் பெரிய மாப்பிள்ளைங்களா?” என்று அவனிடம் கேட்க, அதைப் பார்க்க என்னால் முடியாது. தங்கதுரைக்கு ஏதாவது பொறுப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்குத்தான் வண்டி விஷயம் எல்லாம் தெரியுமே.

அத்தைக்கும், கல்யாணப் பெண்ணுக்கும், முழங்காலுக்கும் என் அன்பு. உங்கள் ஆசி நாளைக் காலை எட்டு மணிக்குக் கிரவுண்டில் இருக்கும்படி வேண்டுகிறேன்.

என்றும் தங்கள்
மூத்த மருமகன்,
மோகனசுந்தரம்.

பி.கு.: இன்று புதன்கிழமை, மதியம். நேற்று நான் எழுதி முடிப்பதற்குள் சாயங்கால பஸ் போய்விட்டது. மேலே உள்ளதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நான்கு பக்கம் மாமா, கை வலிக்க எழுதியது, மனது வரவில்லை. அதனால் படித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள்.

ஜீப் பாஸ். பென்சில் வைத்ததும் நம்பர் ஒன்று விடாமல் வந்தது. இன்ஸ்பெக்டர் தட்டிக் கொடுத்து, “வண்டி கொள்ளாம்” என்றார். கிரவுண்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே குரூப்பில் போட்டோ போட்டேன். நீங்களும் கட்டை விரல் காட்டினீர்கள். பார்த்துக்கொண்டே ஜின்சன் கடைக்கு மிட்டாய் கொடுக்கப் போனேன். அவன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தங்கதுரையின் டாக்ஸிக்கு இனி என்ன செய்வது என்று என்னையே கேட்டான். ஜீப்புக்குக் கிடைத்த ஸ்லாட் தங்கதுரையுடையதாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அதே நிமிடம் ஜீப்பின் பெயரில் போட வைத்திருக்கிறான். டாக்ஸியின் தேதி சனிக்கிழமையோடு முடிகிறது. அதுவும் செக்போஸ்ட் தாண்டாது. இத்தனை வருடம் நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது மாமா, ஆனால் மிட்டாய்ப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நேராக அவன் வீட்டுக்குப் போய் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அட போங்கண்ணா” என்றான். விடாமல் கேட்டேன். “எங்க கண்ணாலத்தன்னைக்கு நான் மண்டப வாசல்ல நின்னுட்டிருந்தனுங்க. நீங்க இந்த ஜீப்புல பொண்ணக் கூட்டிட்டு வந்தீங்க. பொண்ண அப்பறமேலுதானுங்க பாத்தேன், மொதல்ல ஜீப்பத்தானுங்க பாத்தேன். மாமா உங்களுக்குத் தன்ற கையால சாவி குடுத்தாரு, எனக்குக் குடுக்கலீங்களேன்னு இன்னைக்கு வரைக்கும் வயித்தெரிச்சல்தானுங்க. டாக்ஸியத் தொடச்சுத் தொடச்சுப் போட்டோ போடறதே, மாமா அதையும் ஒருக்கா ஜீப்பப் பாக்கற மாதிரிப் பாக்க மாட்டாரான்னுதானுங்க” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். விரல் இடுக்கில் இன்னும் அத்தையின் குங்குமம் இருந்தது. (பெண்ணைப் பிறகுதான் பார்த்தான் என்பதைச் செல்வப்பிரியாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இந்தக் கடிதத்தை அவனே பஸ்ஸில் கொண்டு வருகிறான், பந்தல் வேலை பார்க்க வேண்டுமாம். உறையைப் பசை போட்டு நன்றாக ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்தவும். திங்கட்கிழமை யோகப்பிரியா ஜீப்பில்தான் வருவாள். தங்கதுரையே ஓட்டட்டும். முகூர்த்தத்துக்கு முன்னால் நீங்கள் அவனைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க, உங்கள் கையால் சாவியைக் கொடுங்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆனால் ஹாரன் நான்தான் அடிப்பேன். அதை மட்டும் இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.