கினிப்பன்றியின் தொப்புள்

எதைச் சொன்னாலும் சூடு என்று சொல்லும் மனிதர்கள் விருதுநகரிலிருந்து சிவகாசி வரை தெருவுக்கு ஒருவர் உண்டு. தலைவலி, வயிற்றுவலி, பரீட்சையில் தோற்பது, பெண்ணுக்கு வரன் தள்ளிப்போவது, எதையும் முழுசாகக் கேட்க மாட்டார்கள். பாதியிலேயே தலையாட்டி, தீர்ப்புச் சொல்லி, விளக்கெண்ணெய்க்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். வைத்தியம் படித்தார்களா? எதற்குப் படிக்க வேண்டும்?

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் தனுஷ்கோடி இந்த இனத்தில் மூத்தவர். இரண்டாயிரத்து ஆறு, கத்திரி வெயில். பக்கத்து வீட்டு சபரிநாதன், பட்டாசுக் கம்பெனிக்காரர், மகள் ரோஷினிக்குச் சென்னையிலிருந்து ஒரு கினிப்பன்றி வாங்கி வந்து சில மாதம் ஆகியிருந்தது. பேர்தான் பன்றி; பார்க்க முயல்குட்டி மாதிரி இருக்கும். ரோஷினி அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்திருந்தாள். பல்லுக்குப் பலம் என்று தினமும் ஒரு பிடி முருங்கைக்கீரை போடச் சொன்னவர் தனுஷ்கோடிதான்.

ஒருநாள் பஞ்சு முதுகைக் கூனிக்கொண்டு கீச்சிட்டது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக, ரத்தத்தோடு வந்தது. ரோஷினி சாப்பிடாமல் கூண்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீர்க்கடுப்பு. சூடுதான்," என்றார் தனுஷ்கோடி. "தொப்புள்ல விளக்கெண்ணெய் வைங்க, சரியாப் போகும்."

தொப்புள் எங்கே? கண்ணாடி போட்டுத் தேடினார். மல்லாக்கப் போட்டுத் தேடினார். அகப்படாததால் வயிறு முழுக்கத் தடவினார். ஓர் இடம் விடாமல் தடவினால் தொப்புளும் அதில் அடங்கிவிடும் அல்லவா? பஞ்சு வழுக்கிக்கொண்டு கட்டிலடியில் ஓடியது.

"விடுங்க அண்ணாச்சி, புள்ள அளுவுது," என்று சபரிநாதன் காரை எடுத்தார். தனுஷ்கோடியும் ஏறிக்கொண்டார்.

விருதுநகரில் கால்நடை டாக்டரம்மா தீனி விவரம் கேட்டுக்கொண்டு, எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். மூத்திரப் பையில் துவரம்பருப்பு அளவு கல்.

"சுண்ணாம்புச் சத்து கூடிப்போச்சு. தினமும் முருங்கைக்கீரை போடச் சொன்னது யாரு?"

ரோஷினி திரும்பிப் பார்த்தாள். தனுஷ்கோடி பார்வையைக் கூண்டின் பக்கம் திருப்பினார். இந்த வாயில்லாச் சீவன் செத்துப்போனால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு நிமிஷம், பயந்துபோனார். பிறகு இனத்தின் குணம் திரும்பி வந்தது.

"கல்லுகூட சூட்டுலதான் இறுகும், டாக்டரம்மா."

கல்லை எடுத்தார்கள், பஞ்சு பிழைத்தது. திரும்பும் வழியில், "மாமா, இனிமே பஞ்சுவுக்கு எதுவும் சொல்லாதீக," என்றாள் ரோஷினி. தனுஷ்கோடி சரி என்று தலையாட்டினார். கார் திருத்தங்கலைத் தொட்டபோது சபரிநாதன் கண்ணைக் கசக்கினார்.

"எரியுதாக்கும்? சூடு. உச்சந்தலையில நல்லெண்ண வைங்க."

சிரிக்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் ரத்தம் வந்தது என்று படித்த இடத்தில், கொஞ்சம் பார்லித் தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், உங்கள் தெருவுக்கும் ஆள் கிடைத்துவிட்டார்.